கிழங்குக்கு விலை கேட்டது போதும், கணக்குக் கேளுங்கள்

கல்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்தில் சின்னசேலம், கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் வட்டங்களிலும் மரவள்ளி பயிரிடும் விவசாயிகளுக்கு,



கிழங்கு வெட்டும் காலம் வந்துவிட்டால் உங்கள் மனுக்களில் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது: டன்னுக்கு இத்தனை ரூபாய் என்று அரசு விலை நிர்ணயிக்க வேண்டும். நியாயமான கோபத்தில் பிறந்த கோரிக்கை. ஆனாலும் அந்தக் கோரிக்கையின் வடிவம் உங்களுக்கு உதவவில்லை என்று சொல்லத்தான் இந்த மடல். ஒரு தொகையைக் கேட்டு வாங்கினால் அடுத்த பருவத்திலேயே அது பழசாகிவிடும். சந்தை ஏறினால் அந்தத் தொகையே உங்களைக் கட்டிப்போடும். இறங்கினால் ஆலை உங்கள் லோடைத் திருப்பி அனுப்பும். நீங்கள் கேட்க வேண்டியது அந்த விலை எப்படி வந்தது என்ற கணக்கை. ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் விற்ற பணத்தில் கிழங்குக்கு எத்தனை பங்கு, மாவுச்சத்தை யார் முன்னிலையில் அளப்பது, எத்தனை நாளில் பணம் கைக்கு வரவேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், பின்னால் சட்டமும் இருக்க வேண்டும். உங்கள் கிழங்கின் விலை ஆத்தூரிலும் சேலத்திலும் மட்டும் பிறப்பதில்லை என்பதுதான் இதற்குக் காரணம்.

சர்வதேச வணிகம் என்றால் திருப்பூர் பனியன், ஆம்பூர் தோல், உளுந்தூர்பேட்டை சிப்காட்டுக்கு வரும் தைவான் காலணி ஆலை என்றுதான் நினைப்பு ஓடுகிறது. கப்பல் ஏறாத சரக்கை உள்ளூர்ச் சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். மரவள்ளி விஷயத்தில் அது தப்புக் கணக்கு. பயிரே தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் ஊக்கம் கொடுத்துப் பரப்பியதால் ஏழைகளின் உணவாயிற்று. சேலத்தில் அது ஆலைப் பயிரானது இரண்டாம் உலகப் போரால். அதுவரை ஜவ்வரிசி மலாயா பக்கத்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஜப்பான் அந்த நாடுகளைப் பிடித்ததும் வரத்து நின்றது. 1943 வாக்கில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யும் தொழிலுக்கு வழி திறந்தார். பிறகு ஆலைகள் கிழக்கே ஆத்தூர், சின்னசேலம் என்று நகர்ந்தன, பயிர் மலையேறியது. எங்கோ நடந்த போர் உங்கள் தாத்தா காலத்து நிலத்தில் என்ன விளைய வேண்டும் என்று முடிவு செய்தது. இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது, சத்தமில்லாமல்.

சேகோ ஆலைகளிலிருந்து போகும் ஜவ்வரிசியில் பெரும்பகுதி மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் நவராத்திரி, ஏகாதசி, சிவராத்திரி விரத நாட்களில் கிச்சடியாகவும் வடையாகவும் தீர்கிறது. அப்படியானால் இது முழுக்க உள்நாட்டுச் சந்தைதானே, வெளிநாட்டுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். ஆலைக்கு இரண்டு வாசல் இருக்கிறது என்பதுதான் பதில். அரைத்த மாவை ஜவ்வரிசியாகவும் உருட்டலாம், ஸ்டார்ச்சாக உலர்த்தியும் விற்கலாம். ஸ்டார்ச்சை வாங்குவது நூலுக்குக் கஞ்சி போடும் நெசவாலை, காகித ஆலை, அட்டைப்பெட்டிக்குப் பசை காய்ச்சுகிற தொழில், மருந்துத் தொழில். அவர்களுக்கு மரவள்ளி ஸ்டார்ச் விலை கூடினால் மக்காச்சோள ஸ்டார்ச் இருக்கிறது. ஆகவே மக்காச்சோள விலை எங்கே போகிறதோ, அதன் பின்னாலேயே ஏறக்குறைய உங்கள் கிழங்கும் போகிறது. மக்காச்சோளமோ முழுக்க முழுக்க உலகச் சரக்கு. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையோடு நுழைந்ததும் உலகச் சந்தையில் அதன் விலை எகிறியது. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. அதுவரை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் மக்காச்சோளம் இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. உங்களில் பலர் கீழ்நாட்டு மானாவாரி நிலத்தில் மக்காச்சோளமும் போடுகிறீர்கள். இந்தச் சங்கிலியின் ஒரு முனையை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ஏலத்தில் பார்த்திருப்பீர்கள். மறுமுனை உங்கள் கிழங்கு லோடில் இருக்கிறது என்பதை யாரும் உங்களிடம் எடுத்துச் சொல்வதில்லை.

தாய்லாந்து விவசாயியின் கதை இன்னும் தெளிவான பாடம். மரவள்ளிப் பொருள் ஏற்றுமதியில் அந்த நாடு உலகில் முதலிடம். 1970களிலும் 80களிலும் அங்கே விளைந்த கிழங்கில் பெரும்பகுதியை வற்றலாக்கி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள், மனிதர்கள் தின்பதற்காக அல்ல, ஹாலந்துப் பன்றிகளுக்கும் மாடுகளுக்கும் தீவனமாக. ஐரோப்பா தன் தானியத்துக்குச் செயற்கையாக உயர்ந்த விலை வைத்திருந்தது. மரவள்ளிக்கோ வெகு குறைவான சுங்கம். அந்த இடைவெளியில்தான் வடகிழக்குத் தாய்லாந்தின் வறண்ட நிலம் முழுக்க மரவள்ளி பரவியது. 1982இல் ஐரோப்பா அந்த ஏற்றுமதிக்கு உச்சவரம்பு பேசி வைத்தது. 1992இல் தன் வேளாண் கொள்கையையே மாற்றி, மூன்று ஆண்டுகளில் தானிய விலையை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஐரோப்பிய உழவனின் கோதுமையே தீவனத்துக்கு மலிவாகிவிட்டதால் தாய்லாந்து வற்றலுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. பிறகு அந்த நாடு ஸ்டார்ச்சுக்கு மாறியது, சீனாவைப் பிடித்தது. 2016இல் சீனா தன் மக்காச்சோளக் கையிருப்புக் கொள்கையைக் கைவிட்டு விலையை இறங்கவிட்டபோது திரும்பவும் அதே அடி. இரண்டு முறையும் தாய்லாந்து விவசாயி எந்தத் தப்பும் செய்யவில்லை. விளைச்சல் குறையவில்லை, தரம் கெடவில்லை. பிரசல்ஸிலும் பெய்ஜிங்கிலும் எடுத்த முடிவு அவர் வயலில் வந்து இறங்கியது. ஆனால் அவருக்கு இருக்கும் ஒரு வசதி உங்களுக்கு இல்லை. அங்கே ஸ்டார்ச் சங்கம் வாராவாரம் விலையை வெளியிடுகிறது. கிழங்கு விலையை 25 சதவீத மாவுச்சத்துக்கு இவ்வளவு என்று அடிப்படை சொல்லித்தான் பேசுகிறார்கள். இறங்கும்போது ஏன் இறங்கியது என்று அவருக்குத் தெரியும். ஏறும்போது ஏறியதைக் கேட்டு வாங்கவும் வழி இருக்கிறது.

உலகம் உங்களுக்குக் கெடுதலை மட்டும் கொண்டுவரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்டு, பிறகு உங்கள் வயல்களிலும் குருத்தைச் சுருட்டிய மாவுப்பூச்சி நினைவிருக்கும். அதுவும் தென் அமெரிக்கப் பூச்சிதான். 1970களில் ஆப்பிரிக்காவையும் 2008இல் தாய்லாந்தையும் அது ஆட்டிவைத்திருந்தது. மருந்தடித்துக் கட்டுப்படாத அதை அடக்கியது எறும்பளவு கூட இல்லாத ஓர் ஒட்டுண்ணிக் குளவி. ஆப்பிரிக்காவில் அந்தக் குளவியைப் பரப்பிய விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021இல் பெங்களூரு ஆராய்ச்சி நிறுவனம் தருவித்தது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டுப் பரப்பத் தொடங்கினார்கள். நீங்கள் ஒரு காசு கொடுக்கவில்லை. பூச்சிக்கு எதிராக உலகத் தொடர்பை உங்களுக்குச் சாதகமாகத் திருப்ப பொது நிறுவனங்கள் இருந்தன. விலை என்று வரும்போது அப்படியொரு நிறுவனம் உங்களுக்கு இல்லை. என் வாதம் முழுவதும் இந்த ஓட்டையைப் பற்றியதுதான்.

ஆலை வாசலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். லோடு எடை மேடையில் ஏறி இறங்குகிறது. மண், வேர், குச்சிக்கு என்று ஒரு பிடித்தம். பிறகு லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்து நிறுத்து, அதையே தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடியும் நிறுக்கிறார்கள். மாவுச்சத்து கூடினால் கிழங்கு அடர்த்தி கூடும். தண்ணீருக்குள் காட்டும் எடையும் கூடும். அதிலிருந்து வருவதுதான் பாயிண்ட். முறையில் குற்றமில்லை, உலகம் முழுக்க இதுதான் வழக்கம். எந்தக் கிழங்கை எடுக்கிறார்கள், தராசு கடைசியாக எப்போது முத்திரையிடப்பட்டது, வாசிப்பை யார் பார்த்தார்கள் என்பதில்தான் சிக்கல். கணக்குக்காக டன்னுக்கு ஒரு பாயிண்ட்டுக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 10 டன் லோடில் ஒரு பாயிண்ட் குறைத்துச் சொன்னால் 2,500 ரூபாய் போயிற்று. இரண்டு பாயிண்ட் என்றால் வெட்டுக்கூலியில் கணிசமான பங்கு. வேண்டாம் என்று லோடைத் திருப்பவும் முடியாது. வெட்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்து மாவு கெடத் தொடங்கிவிடும். வெள்ளிமலையிலிருந்து வாடகை கொடுத்து மலைப்பாதையில் இறக்கிய லோடுக்கு அடுத்த ஆலை தேடுவது யாருக்கும் எளிதில்லை. உங்கள் பேரம் நிலத்தைத் தோண்டும் வரைதான். தோண்டிய பிறகு சொன்ன விலைதான்.

இதே இக்கட்டில் ஒரு காலத்தில் ஆலைக்காரர்களும் இருந்தார்கள். சரக்கை வைத்திருக்கக் கிடங்கு இல்லை, கடன் இல்லை, வணிகர் சொன்னதுதான் விலை. அதற்கு அவர்கள் கண்ட வழி 1981இல் சேலத்தில் உருவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம். ஆலைகள் அங்கே மூட்டையைக் கொண்டுபோய் வைக்கலாம், அதன்மேல் முன்பணம் பெறலாம், ரகசிய டெண்டரில் வணிகர்கள் போட்டியிட்டு விலை சொல்வார்கள். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்தது. நல்ல ஏற்பாடு, வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதன் உறுப்பினர்கள் உற்பத்தியாளர்கள், அதாவது ஆலைகள். வெளிப்படையான விலை ஆலை வாசல் வரை வந்து நின்றுவிட்டது. வாசலுக்கு வெளியே லோடோடு நிற்கிறவருக்கு அது எட்டவில்லை. அந்த டெண்டர் விலையைக் கிழங்கு விலையோடு இணைப்பதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. ஒரு டன் கிழங்கில் எத்தனை கிலோ ஜவ்வரிசி தேறும் என்பது பாயிண்ட்டைப் பார்த்தால் தெரியும். மிஞ்சும் திப்பியும் தீவனத்துக்கு விலை போகிறது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அரைவைச் செலவு போக விவசாயிக்கு எத்தனை சதவீதம் என்பதைத்தான் பேசித் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இதை வேறு எங்கிருந்தும் கடன் வாங்க வேண்டாம்; உங்கள் மாவட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் ஓடுகின்றன. பக்கத்து வயல்காரர் கரும்பு வெட்டினால் அவருக்குப் பிழிதிறன் என்று ஓர் அளவு, அதற்கேற்ற ஆதாய விலை. 2025–26 பருவத்துக்கு 10.25 சதவீதப் பிழிதிறனில் குவிண்டாலுக்கு 355 ரூபாய். 1966இன் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளில் பணம் தர வேண்டும்; தவறினால் 15 சதவீத வட்டி. 2012இல் சர்க்கரைத் துறையை ஆராய்ந்த ரங்கராஜன் குழு, சர்க்கரையும் துணைப்பொருள்களும் விற்ற வருவாயில் 70 சதவீதம், அல்லது சர்க்கரை வருவாயில் மட்டும் என்றால் 75 சதவீதம் விவசாயிக்கு என்று சொன்னது. 2018இல் தமிழ்நாடு வருவாய்ப் பங்கீட்டு முறையைச் சட்டமாகவே கொண்டுவந்தது. ஒரே மண், ஒரே மழை, ஒரே வட்டாட்சியர் அலுவலகம். கரும்புக்கு இத்தனை ஏற்பாடு இருக்க, மரவள்ளிக்கு ஒரு துண்டுச் சீட்டு.

இங்கே நீங்கள் எதிர்க்கேள்வி போடுவீர்கள், போடவும் வேண்டும். கரும்பு விவசாயி என்ன வாழ்ந்துவிட்டார்? நிலுவைக்காக ஆலை வாசலில் உட்கார்ந்தவர் அவரும்தானே? 2018 சட்டத்தையே விவசாயச் சங்கங்கள் எதிர்த்தன, மாநிலப் பரிந்துரை விலையை அது பறித்துவிட்டது என்று. இரண்டும் உண்மை. ஆனால் நிலுவை என்ற சொல்லே சட்டம் இருப்பதால்தான் வந்தது. நாள் கெடுவும் வட்டியும் எழுதியிருப்பதால்தான் அவர் போராடவும் நீதிமன்றம் போகவும் முடிகிறது. உங்களுக்குப் பணம் தராமல் விட்டால் அது வெறும் கைமாற்று. பங்கீட்டு முறைமீதான எதிர்ப்பு இன்னொரு பாடத்தைச் சொல்கிறது: பங்கு மட்டும் போதாது, அதற்கு அடியில் ஒரு தளம் வேண்டும். சந்தை விழும்போது பங்கும் சேர்ந்து விழும். அந்த இடைவெளியை ஆலையின் தலையில் கட்டினால் ஆலை மூடும். அரசுதான் நிரப்ப வேண்டும். தாய்லாந்தில் 2009இல் பிரதமர் அபிசித்தின் அரசு நெல், மக்காச்சோளத்தோடு மரவள்ளிக்கும் உத்தரவாத விலை வைத்து, சந்தை விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை விவசாயிக்குக் கொடுத்தது. கேரளம் 2020 நவம்பர் 1 முதல் 16 விளைபொருள்களுக்கு அடிப்படை விலை அறிவித்தபோது மரவள்ளிக்குக் கிலோ 12 ரூபாய் வைத்தது. உணவுக்கு விற்கும் கேரளக் கிழங்கும் ஆலைக்கு அரைக்கும் உங்கள் கிழங்கும் ஒன்றில்லை, அந்தத் தொகையை அப்படியே இங்கே கேட்க முடியாது. கொள்கையைக் கேட்கலாம்.

தாய்லாந்து ஸ்டார்ச் இறக்குமதியை நிறுத்தினால் போதுமே என்று சிலர் சொல்கிறார்கள். நிறுத்தினால் கொஞ்சம் மூச்சு விடலாம், மறுக்கவில்லை. ஆனால் ஆசியான் நாடுகளோடு 2009இல் கையெழுத்தான வணிக ஒப்பந்தம் இருக்கிறது. அதைத் திருத்துவது உங்கள் கையிலோ சென்னையின் கையிலோ இல்லை. அதைவிட, தாய்லாந்து ஸ்டார்ச் ஒரு மூட்டைகூட வராவிட்டாலும் உள்நாட்டு மக்காச்சோள ஸ்டார்ச் உங்களோடு போட்டியிட்டுக்கொண்டேதான் இருக்கும். ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவைக் கலக்கிறார்கள் என்ற புகார் பல ஆண்டாக இருக்கிறது. அதைத் தடுப்பது உணவுப் பாதுகாப்புத் துறையின் கடமை, அதைக் கேட்க எந்த உலக ஒப்பந்தமும் குறுக்கே வராது. மரவள்ளியையே விட்டுவிடுங்கள் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மழையை நம்பிய மலைச்சரிவில், குறைந்த செலவில், எட்டுப் பத்து மாதத்தில் மொத்தமாகப் பணம் பார்க்கும் பயிர் வேறு எது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆலை உரிமையாளர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எல்லாச் சரக்கும் சேகோசர்வ் வழியாகப் போவதில்லை, வெளியே விற்பவர்கள் ஏராளம். டெண்டர் விலையை மட்டும் அடிப்படையாக வைத்தால் அது முழுச் சந்தையைக் காட்டாது என்பார்கள். சரிதான். அப்படியானால் வெளியே விற்ற விலையையும் சரக்கு சேவை வரி ரசீதுகள் காட்டும். மாதச் சராசரி எடுக்க அரசால் முடியும். விலையை மறைக்கும் வசதியையும் வைத்துக்கொண்டு, விலை தெளிவாக இல்லை என்றும் வாதாடுவது எடுபடாது. இன்னொன்று, நேர்மையாக அளக்கும் ஆலைக்கு இந்த ஏற்பாடு நன்மைதான். இப்போது பாயிண்ட்டில் கைவைக்கும் ஆலையோடு அது போட்டி போட வேண்டியிருக்கிறது.

மலைமேல் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல ஒன்று உண்டு. உங்கள் லோடு சிறியது, ஆலை தூரம், நிலத்துக்கு முறையான பட்டா இல்லாத குடும்பங்களுக்குக் கூட்டுறவுக் கடன் கிடைப்பது கடினம். அதனால் நடவுக்கே புரோக்கரிடம் முன்பணம் வாங்கும் பழக்கம். வாங்கியவர் வெட்டும்போது விலை பேச முடியாது. கணக்குக் கேட்கும் உரிமை முன்பணத்திலேயே கைமாறிவிடுகிறது. இதை அறுக்க எழுத்து ஒப்பந்தம் ஒரு வழி. ஒப்பந்தச் சாகுபடிக்கென்று தமிழ்நாடு 2019இல் தனிச் சட்டமே இயற்றியது. நெல்லுக்கும் கோழிக்கும் மட்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஊர் ஊராகச் சேர்ந்து, நடவுக்கு முன்பே ஆலையோடு பதிவுசெய்த ஒப்பந்தம் போடலாம்: முன்பணம் எவ்வளவு, விலைக் கணக்கு எது, பாயிண்ட்டை அளக்கும்போது உங்கள் ஆள் ஒருவர் நிற்பார் என்பது உட்பட. தனியாளாகப் போனால் எந்த ஆலையும் கையெழுத்திடாது. முப்பது நாற்பது குடும்பத்தின் கிழங்கு என்றால் ஆலைக்கும் பருவம் முழுக்க அரைவைக்குச் சரக்கு உறுதியாகிறது. கையெழுத்திட அதற்கும் காரணம் இருக்கிறது.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகத்துக்கு விழுப்புரம் வரை போன காலம் முடிந்தது. விவசாயிகள் குறைதீர் கூட்டம் மாதந்தோறும் நடக்கிறது. விவசாயி, ஆலை, அதிகாரி மூவரும் உட்காரும் முத்தரப்புக் கூட்டம் என்றால் என்ன என்பதும் உங்களுக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு மனு எழுதும்போது டன்னுக்கு இத்தனை ரூபாய் என்ற வரியை ஒருமுறை விட்டுப்பாருங்கள். அந்த இடத்தில், ஜவ்வரிசி விலையில் எங்கள் பங்கு இத்தனை சதவீதம் என்று அறிவியுங்கள், ஆலைகளின் பாயிண்ட் தராசை எடையளவுத் துறை பருவத்துக்கு முன் சோதித்து முத்திரையிடட்டும், 14 நாளில் பணம் தராவிட்டால் கரும்புக்குள்ள வட்டி எங்களுக்கும் வேண்டும் என்று எழுதுங்கள். நடவுக்கு முன்பே கொடுங்கள். கிழங்கைத் தோண்டிய பிறகு கொடுக்கும் மனுவுக்கு அதிகாரியும் ஆலையும் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் ஒரு கட்டுரையாளன்